எழுந்திருக்கும் பக்கம்

அன்றைக்கும் அவர் நாற்காலியில்தான் இருந்தார்.

சன்னல் வெளுக்கும் நேரத்தில் கண் விழித்ததும் அவள் பக்கத்தில் கையை நீட்டிப் பார்த்தாள். விரிப்பு குளிர்ந்து கிடந்தது. எழுந்து முன்னறைக்கு வந்தாள். கைப்பிடி வைத்த பழைய மர நாற்காலியில், முதுகுக்கு ஒரு தலையணை, காலுக்கு ஒரு முக்காலி, கழுத்து ஒரு பக்கம் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, அவர் தூங்கிக்கொண்டிருந்தார். இடுப்பில் பெல்ட் கட்டியபடி இருந்தது. படுக்கையில் அதைக் கழற்றிவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தும் அவர் கழற்றுவதில்லை. பயம் போலிருக்கிறது என்று அவள் விட்டுவிட்டாள்.

அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைக்கிற சத்தத்தில் அவர் விழித்துக்கொண்டார்.

"எப்ப வந்தீங்க இங்க?"

"இப்பத்தான். கொஞ்சம் முன்னாடி."

"மெத்தை எப்படி இருந்துச்சு?"

"நல்லாருக்கு."

"நல்லாருந்தா எதுக்கு நாற்காலி?"

"நாற்காலியும் நல்லாருக்கு."

அவள் டீயை ஆற்றி அவர் கையில் கொடுத்தாள். சர்க்கரை போட மறந்துவிட்டது அவள் தன் டீயைக் குடித்தபோதுதான் தெரிந்தது. அவர் பாதி குடித்திருந்தார். கேட்டால் அதற்கும் அதே பதில்தான் வரும் என்பதால் அவள் கேட்கவில்லை.

அவர் கூரைப் பூச்சு வேலை செய்தவர். வீடுகளின் உட்கூரைக்குச் சுண்ணமும் ஜிப்சமும் பூசி, விளிம்பில் வளைவு இழுத்து, பாலாடை மாதிரி வழுவழுப்பாக்கித் தருகிறவர். தன் வேலையைப் பற்றி அவர் ஒருநாளும் நல்ல வார்த்தை சொன்னதில்லை. இந்த வீட்டுப் படுக்கையறையில் அவரே பூசிய கூரையில், சன்னல் ஓரமாக மேடுபள்ளமாக ஒரு சின்ன அலை நின்றுவிட்டதாம். கல்யாணமான புதிதிலிருந்து அதைச் சொல்லிச் சொல்லி அலுத்துக்கொள்வார். அவளுக்கு அந்த அலை ஒருமுறைகூடக் கண்ணில் பட்டதில்லை. ஆனால் அடுத்தவர் தருவது எதுவானாலும், அது உப்பில்லாத முட்டையோ இறுக்கமான சட்டையோ, அவருக்கு நல்லாருக்கும். மழைக்காலத்தில் சாரப்பலகை வழுக்கி விழுந்து, முதுகெலும்பில் தகடு வைத்துத் தைத்து, மருத்துவமனைக் கட்டிலில் கண் திறந்ததும் நர்ஸ் "எப்படி இருக்கு?" என்று கேட்டதற்கும் அவர் அதையேதான் சொன்னார்.

அவள் வேலையோ எது நல்லாயில்லை என்று கேட்டுத் தெரிந்துகொள்வது.

குளிர்பதனக் கிடங்குக்குப் பின்னால் இருந்த நீளமான கொட்டகையில் ரப்பர்ப்பால் மெத்தை செய்தார்கள். தகடு தகடாக, ஊசித்துளை போட்ட வெளிர்மஞ்சள் நுரைப்பாளங்கள் பாய் மாதிரி சுருட்டி வரும். மூன்று வகை: மெது, நடு, கெட்டி. பார்வைக்கு மூன்றும் ஒன்றுதான். விரலால் அழுத்தினால்தான் குணம் தெரியும். மாவுத்தூள் தடவாவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நகரமாட்டேன் என்று அடம்பிடிக்கும். அவள் அளவு குறித்து, நீண்ட கத்தியைச் சோப்புத்தண்ணீரில் நனைத்து, ஒரே இழுப்பில் வெட்டுவாள். அதனால் கொட்டகையில் அவளுக்குக் கத்திக்காரி என்று பெயர். யாரோ முதல்நாள் வேடிக்கையாக வைத்தது, சம்பளம் கொடுக்கிற முதலாளி வரைக்கும் அதுவே நிலைத்துவிட்டது.

வெட்டுவதைவிட அடுக்குவதில்தான் அவளுக்குப் பேர். ஒரே உறைக்குள் கணவனுக்கு ஒரு பாதி, மனைவிக்கு ஒரு பாதி. இரண்டு பாதிக்கும் அடுக்கு வேறு. ஒருக்களித்துப் படுக்கிறவருக்குத் தோளும் இடுப்பும் அமிழ மேலே மெது வேண்டும். குப்புறப் படுக்கிறவருக்கு அது ஆகாது, வயிறு தொட்டிலாகத் தொங்கிவிடும். ஆளைப் படுக்கவைத்து, இடுப்புக்கும் மெத்தைக்கும் நடுவே அவள் உள்ளங்கையை நுழைப்பாள். கை தங்குதடையில்லாமல் போய்வந்தால் கெட்டி அதிகம். போகவே இடமில்லையென்றால் மெது அதிகம். கொஞ்சம் முரண்டுபிடித்துப் போனால் சரி. "கூச்சப்படாம சொல்லுங்க, எங்க குத்துது?" என்று கேட்பாள். ஜனங்களும் சொல்வார்கள். முதுகைப் பற்றிக் கேட்டால் மாமியாரைப் பற்றிச் சொல்கிறவர்களும் உண்டு.

அளவு தப்பாகப் போய்த் திரும்பி வந்த ஒரு மெத்தையை முதலாளி அவளுக்கே கொடுத்திருந்தார். கணவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அதை அவள் எத்தனை விதமாக அடுக்கிப் பார்த்துவிட்டாள்! முதுகுக்காரருக்குக் கெட்டிதான் என்று எல்லோரும் சொன்னதால் முதலில் கெட்டியை மேலே வைத்தாள். தொடக்கத்தில் சில வாரங்கள் இரவில் எழுந்திருக்க அவளை எழுப்புவார். அவள் தோளைக் கொடுத்துத் தூக்கிவிடுவாள். பிறகு ஒருநாள் எழுப்புவதை நிறுத்தினார். அன்றிலிருந்து விடியும்போது நாற்காலி.

சரி, கெட்டி உறுத்துகிறது என்று அவள் நடுவை மேலே கொண்டுவந்தாள். நாற்காலி. தன் பாதியிலிருந்த மெதுவை உருவி அவருக்குக் கொடுத்து, அவருடைய கெட்டியைத் தான் வாங்கிக்கொண்டாள். காலையில் அவளுக்குத் தோள் மரத்துப்போயிருந்தது, அவர் நாற்காலியில். கடைசியில் கொட்டகையில் மிஞ்சிய மெது ஒன்றையும் கொண்டுவந்து அவர் பாதியில் சேர்த்தாள். படுக்கவைத்து உள்ளங்கையை நுழைத்துப் பார்த்தாள். கை சரி என்றது. நாற்காலி தப்பு என்றது.

புதன்கிழமை மாலை மகள் வந்தாள். பேருந்தில் வந்த களைப்போடு செருப்பைக்கூடக் கழற்றாமல் அளக்கிற நாடாவை எடுத்து முன்னறையை அளந்தாள்.

"என்னடி பண்ற?"

"அம்மா, கத்தாம கேளு. ஆஸ்பத்திரிச் சாமான் விக்கிற கடையில சின்னக் கட்டில் ரெண்டு சொல்லிவச்சிருக்கேன். ரெண்டு பக்கமும் கம்பி இருக்கும், தலைப்பக்கம் தூக்கலாம் இறக்கலாம். அப்பாவுக்கு ஒண்ணு முன்னறையில. உனக்கு ஒண்ணு உள்ள."

"இப்ப இருக்கிற கட்டில்?"

"ஞாயித்துக்கிழமை வண்டி வரும். நான் எடுத்துக்கிட்டுப் போறேன். என் பசங்க குதிச்சுக் குதிச்சு எங்க கட்டில் உடைஞ்சேபோச்சு."

"அப்பாகிட்ட கேட்டியா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

மகள் அம்மாவைப் பார்த்தாள். இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்து, ஒரே நேரத்தில் அடங்கியது.

"அம்மா, மனுஷன் எத்தனை மாசம் உக்காந்துக்கிட்டே தூங்குவாரு? கால் வீங்கிக் கிடக்கு, பாத்தியா? நீ மெத்தையில என்னென்னவோ மாத்தி மாத்திப் பாத்துட்ட. இது உன் கத்தியால ஆகுற காரியம் இல்ல."

மகள் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. அதனால்தான் அது உள்ளே இறங்கியது. "ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம் குடு," என்று மட்டும் அவள் சொன்னாள்.

மறுநாள் கொட்டகையில் ஜிப்பக்காவிடம் புலம்பித் தீர்த்தாள். உறைகளுக்குச் சுற்றிலும் ஜிப் தைக்கிறவள் என்பதால் அவள் ஜிப்பக்கா. மூக்குக்கண்ணாடி எப்போதும் நெற்றியில்தான் இருக்கும். அதைத் தேடிக்கொண்டும் இருப்பாள்.

"தனித்தனிக் கட்டில்னா என்ன இப்ப? என் வீட்டுக்காரர் குறட்டைக்கு நான் தனி ஊரே கேப்பேன்," என்றாள் ஜிப்பக்கா.

"உங்களுக்கு விளையாட்டு."

"சரி, சொல்லு."

"அவரு பகல்ல பேசற ஆளு இல்ல அக்கா. விளக்கை அணைச்சுட்டுப் படுத்தாத்தான் வாயே தொறக்கும். இன்னைக்கு எந்த வீடு, எந்தக் கூரை, அந்த வீட்டு அம்மா டீ குடுத்துச்சா இல்லையா, எல்லாம் அப்பத்தான் வரும். நானும் இங்க வந்தவங்க கதையெல்லாம் சொல்லுவேன். இப்ப அவரு அங்க, நான் இங்க. செவுத்துக்கிட்டயா பேசறது? கட்டிலும் ரெண்டாச்சுன்னா அப்புறம் அவ்வளவுதான். வாடகைக்கு இருக்கிற ரெண்டு பேரு மாதிரி."

ஜிப்பக்கா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினாள். கத்திக்காரி கையோடு கொண்டுவந்திருந்த இடுப்பு பெல்ட்டை வாங்கிப் பார்த்தாள். அவரிடம் இரண்டு பெல்ட். இதில் ஒட்டுப்பட்டை தேய்ந்து பிடிப்பு விட்டிருந்தது. அகலமான துணி, உள்ளே நெட்டுக்குத்தாக இரும்புப் பட்டைகள். "இதைக் கட்டினா மனுஷன் மூச்சு விடுவானா?" என்று கேட்டுக்கொண்டே பழையதைப் பிரித்துப் புதுப் பட்டை வைத்து இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தாள்.

சனிக்கிழமை கொட்டகைக்கு அரைநாள். அவள் வீடு திரும்பியபோது அவர் இல்லை. டாக்டர் சொன்ன நடைக்குப் போயிருந்தார். வரும்போது ரொட்டி வாங்கிவருவார். வெயில் படுக்கையறைச் சுவரில் சாய்ந்து விழுந்திருந்தது. பட்டை பிடிக்கிறதா என்று பார்க்க அவள் பெல்ட்டைத் தன் இடுப்பிலேயே சுற்றி, இழுத்து, அவர் கட்டுகிற அளவுக்கு இறுக்கினாள். நன்றாகத்தான் பிடித்தது. நின்று பார்த்தாள், நடந்து பார்த்தாள். கட்டில் ஓரத்தில், அவர் படுக்கிற பக்கத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் அப்படியே சாய்ந்தாள். வாரம் முழுக்க நின்ற கால்களுக்கு அது சொர்க்கமாக இருந்தது. மெது மேல் மெதுவாக அவள் கொடுத்திருந்த அடுக்கு அவளைக் கையில் ஏந்துவதுபோல் வாங்கிக்கொண்டது.

கூரையைப் பார்த்தாள். சாய்ந்த வெளிச்சத்தில், சன்னல் ஓரமாக, அந்த அலை தெரிந்தது.

"அடடே," என்று எழுந்திருக்கப் போனாள்.

முடியவில்லை.

இடுப்பு மடங்கினால்தானே உட்கார முடியும்? பெல்ட் அவளைப் பலகையாக்கியிருந்தது. சிரித்துக்கொண்டே ஒருக்களித்தாள். முழங்கையை ஊன்றினாள், முழங்கை புதைந்தது. உள்ளங்கையைக் கட்டில் ஓரத்தில் வைத்து அழுத்தினாள். ஓரம் சரிந்து, உடம்பு தரையை நோக்கி நழுவியது. பயந்து பின்னால் உருண்டாள். விரிப்பைப் பிடித்து இழுத்தாள். விரிப்பு கையோடு வந்தது. இப்போது சிரிப்பு நின்றுவிட்டது. பெல்ட்டைக் கழற்றும் யோசனைகூட வராமல், கவிழ்த்துப்போட்ட வண்டு மாதிரி கைகால் அடித்துக்கொண்டிருக்கும்போது வாசல் கதவு திறந்தது.

அவர் ரொட்டிப் பொட்டலத்தோடு அறை வாசலில் வந்து நின்றார்.

"என்ன பண்ற?"

"படுத்திருக்கேன்."

"என் பெல்ட்டைக் கட்டிக்கிட்டா?"

"பட்டை பிடிக்குதான்னு பாத்தேன். நல்லாப் பிடிக்குது. விடமாட்டேங்குது."

அவர் சிரித்தார். முதுகு வலிக்க, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். விழுந்த நாளிலிருந்து இந்த வீட்டில் கேட்காத சத்தம் அது.

"சிரிச்சது போதும், கை குடுங்க."

"நான் குனியக் கூடாதே."

"அப்ப நான் எப்படி எந்திரிக்கிறது?"

"பொறு, சொல்றேன். மெதுவா ஓரத்துக்கு வா. ம்ம். முதல்ல காலை வெளிய தொங்கவிடு. இப்ப கீழ்க்கை முழங்கையை ஊணு."

"ஊணினா உள்ள போகுதே."

"போகும்."

"அப்புறம்?"

"அப்புறம் மறுபடி மொதல்லேர்ந்து."

அவள் அசையாமல் கிடந்தாள். கூரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"தினமும் இப்படித்தானா?"

அவர் ரொட்டியைச் சன்னல் திட்டில் வைத்துவிட்டு, முன்னறை முக்காலியை இழுத்துவந்து உட்கார்ந்தார்.

"அந்த நாற்காலியில கைப்பிடி இருக்கு. அதனாலதானே?"

"ஒன்னுக்குப் போகணும்னா ராத்திரி ரெண்டு தடவை எந்திரிக்கணும். வயசாச்சில்ல. பெல்ட்டைக் கழட்டினா இருட்டுல ஒத்தையாக் கட்ட வராது."

"என்னை எழுப்பியிருக்கலாமே. எழுப்பிக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

"இருந்தேன். அப்புறம் ஒரு நாள் கையில கட்டோட வந்தே."

அவளுக்குப் பெருவிரலுக்குக் கீழே அந்தத் தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது. "அது டப்பா மூடி கிழிச்சது. சொன்னேனே."

"மூடி கிழிச்சா கோணலாக் கிழியும். இது ரூல்தடி வச்ச மாதிரி இருக்கு. நானும் பலகை அறுக்கிறவன்தான். நின்னுக்கிட்டே தூங்கியிருக்க."

"ஒரு நிமிஷம் கண்ணு சொக்கிச்சு. அவ்வளவுதான்."

"ராத்திரியெல்லாம் என்னைத் தூக்கிவிட்டா சொக்காம என்ன செய்யும்? விரல் போயிருந்தா?"

"அதுக்கு வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நான் பாட்டுக்கு மெதுமெதுன்னு கொண்டாந்து அடுக்கிக்கிட்டே இருந்தேனே!"

"நீ தூக்கிக்கிட்டு வரும்போது உன் மூஞ்சியைப் பாத்தா எப்படிச் சொல்றது? நல்லாருக்குன்னா உடனே தூங்கிடுவே. எனக்கு அது போதும்னு விட்டுட்டேன்."

அவளுக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. இரண்டுக்கும் எழுந்து உட்கார்ந்தால்தான் வசதி. பெல்ட்டின் ஒட்டைப் பிய்த்தெறிந்துவிட்டு எழுந்தாள்.

"நான் படுக்கறதுக்கே பாத்திருக்கேன்," என்றாள், தனக்குத்தானே சொல்வதுபோல. "கொட்டகையிலயும் அப்படித்தான். படுங்க, எப்படி இருக்குன்னு கேப்போம். படுத்தவர் எப்படி எந்திரிக்கிறாருன்னு நான் யாரையும் பாத்ததே இல்ல."

பிறகு அவள் நேரத்தை வீணாக்கவில்லை. உறையின் ஜிப்பைச் சுற்றிலும் இழுத்துத் திறந்தாள். அடுக்குகளை ஒவ்வொன்றாகச் சுருட்டி எடுத்துச் சுவரோரம் நிறுத்தினாள். அறை முழுக்க ரப்பரின் லேசான இனிப்பு வாசனை பரவியது. அவருடைய கெட்டியில் ஒன்று எப்போதும்போல் அடியில் கிடக்கட்டும். அதன்மேல் நடு, அதன்மேல் ஒரு மெது, ஒன்றே ஒன்று. ஆனால் இறங்கும் பக்கத்தில் ஒன்றரைச் சாண் அகலத்துக்கு மேலடுக்கு இரண்டையும் நெடுக வெட்டி எடுத்துவிட்டு, அங்கே கெட்டியை நிரப்ப வேண்டும், வாய்க்காலுக்குக் கரை கட்டுகிற மாதிரி. கெட்டிக்கு எங்கே போவது? அவரிடமிருந்து எடுத்துத் தனக்குப் போட்டுக்கொண்டதுதான் இருக்கிறதே. அதைத் திருப்பிக் கொடுத்து, தன் மெதுவைத் திருப்பி வாங்கிக்கொண்டாள்.

"கத்தி கொட்டகையில இருக்கு. ரொட்டிக் கத்தியை எடுங்க."

"ரொட்டியை என்ன பண்றது?"

"பிச்சுத் தின்னலாம்."

அவர் சோப்புத்தண்ணீர்க் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு நின்றார், அவள் வெட்டினாள். பட்டையை வைத்து முடித்ததும் அவர் தன் சாமான் மூட்டையிலிருந்து மட்டப்பலகையை எடுத்துவந்து இணைப்பின் குறுக்கே வைத்துக் கண்ணை இடுக்கிப் பார்த்தார்.

"இங்க ஏத்தமா இருக்கு."

"எங்க?"

"கெட்டி மேல வந்திருக்கு. திரும்பிப் படுத்தா இடுப்புல தட்டும். சீவு."

அவள் சீவினாள். அவர் மறுபடி பலகை வைத்தார். "இன்னும் கொஞ்சம்." மறுபடி சீவினாள். இந்த வீட்டில் அவர் ஒன்றைக் குறை சொல்லி அவள் கேட்பது, கூரையைத் தவிர்த்துப் பார்த்தால், இதுதான் முதல்முறை என்று அவளுக்குத் தோன்றியது. அதைச் சொல்லிக் காரியத்தைக் கெடுத்துக்கொள்ளாமல் வாயைக் கட்டிக்கொண்டாள்.

கட்டில் தாழ்வாக இருக்கிறது என்றும் அவரே சொன்னார். கடப்பாரையைக் கட்டில் காலுக்கு அடியில் கொடுத்து அவள் நெம்ப, சாரத்துக்கு முட்டுக்கொடுக்கிற மரக்கட்டைகளை அவர் காலால் தள்ளி உள்ளே விட்டார். உறையை மூடியபோது பொழுது சாய்ந்துவிட்டது. அவர் படுத்தார். ஒருக்களித்தார், காலைத் தொங்கவிட்டார், முழங்கையைக் கரையில் ஊன்றினார். கரை நின்றது. அவர் உட்கார்ந்தார்.

"எப்படி..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். "வேணாம், சொல்லாதீங்க. நீங்க சொல்றது தெரியும்."

அன்றிரவு அவள் அவருடைய செருப்பைக் கட்டிலை ஒட்டி, முனை வாசலைப் பார்க்க வைத்தாள். விளக்கை அணைத்ததும் வெகுநேரம் கூரை அலையைப் பற்றியே பேச்சு ஓடியது. பகலில் அவள் அதைப் பார்த்துவிட்டதில் அவருக்கு அப்படி ஒரு திருப்தி. அலை எதனால் நின்றது, அன்றைக்குச் சுண்ணத்தில் எவ்வளவு தண்ணீர் கூடிப்போனது என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். நடுவில் எங்கேயோ அவள் தூங்கிப்போனாள்.

விழித்தபோது சன்னல் வெளுத்திருந்தது. பழக்கத்தில் கை பக்கத்துக்குப் போனது. தோள் தட்டுப்பட்டது. அவர் சுவரைப் பார்த்து ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். எழவே இல்லையோ, அடக்கிக்கொண்டு கிடந்தாரோ என்று அவளுக்குப் பகீரென்றது. எட்டிக் கீழே பார்த்தாள். செருப்பு இரண்டும் முனை கட்டிலைப் பார்க்கத் திரும்பிக் கிடந்தன. அவர் எழுந்து போயிருக்கிறார், திரும்பி வந்திருக்கிறார். அவளுக்குத் தெரியவே தெரியாது.

டீ கொதிக்கும்போது மகள் வந்தாள். "வண்டிக்காரர் கிளம்பிட்டாராம் அம்மா," என்றபடி முன்னறையைப் பார்த்தாள். நாற்காலியில் துவைத்த துணி மடித்து அடுக்கியிருந்தது. அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா பால் பாத்திரத்தைப் பார்த்தாள்.

அவர் படுக்கையறையிலிருந்து நடந்து வந்து சுவரோரம் நின்றார்.

"அப்பா, கட்டில்லயா படுத்தீங்க? எப்படி இருந்துச்சு?"

அவர் வாயைத் திறந்தார். வழக்கமான பதில் நாக்கு நுனிக்கு வந்து நிற்பது தாய்க்கும் மகளுக்கும் தெரிந்தது. அவர் அதை விழுங்கினார். மனைவியை ஒரு பார்வை பார்த்தார்.

"தோள்கிட்ட குத்துது."

"பாத்தியாம்மா! நான்தான் சொன்னேனே..."

"நீ சொன்னதும் சரிதான்டி. பிடிச்சு எந்திரிக்க ஏதாவது வேணும்னு உனக்குத் தெரிஞ்சிருக்கு, எனக்குத் தெரியல," என்றாள் அவள். அடுப்பை அணைத்துவிட்டு முந்திக்கொண்டு படுக்கையறைக்குப் போனாள். முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது. "வண்டிக்காரருக்குப் போன் பண்ணி வேணாம்னு சொல்லிடு. அப்புறம் வந்து இந்த ஜிப்பை அந்தப் பக்கத்துலேர்ந்து இழு."

மகள் ஒன்றும் புரியாமல் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவர் பின்னாலேயே வந்து, கட்டில் ஓரத்தில் கையை ஊன்றி உட்கார்ந்தார்.

"எந்த இடத்துல? கூச்சப்படாம காட்டுங்க."

அவர் விரலை வைத்தார். அவள் அந்த இடத்தில் சாக்குக்கட்டியால் குறி போடப் போனாள்.

"அங்க இல்ல," என்றார். "இன்னும் கொஞ்சம் மேல."